விதையோடு மண்ணையும் சொல்லிக் கொடுங்கள்: தோட்டக்கலை, வேளாண்மைத் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தோட்டக்கலைத் துறை, வேளாண்மைத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோவை மாவட்டத்தில், சூலூர் பக்கம், ஒரு காலத்தில் சோளக்காடாக இருந்து பிறகு மனை பிரித்து விற்கப்பட்ட இடத்தில் ஐந்து சென்ட் வாங்கி வீடு கட்டிக் குடியிருக்கிறோம். வீடு போக, கொல்லையில் ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக மண்தரை மிச்சம் இருக்கிறது. பத்து வருடமாக அதில் காய்கறி போடுகிறேன். இந்த மடல் அந்த ஒரு சென்ட் மண்ணைப் பற்றியது. எங்களைப் போல வீட்டோடு துளி மண் வைத்திருக்கும் எல்லோருடைய மண்ணையும் பற்றியது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் நன்றி. 2021இல் தொடங்கிய ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில் 15 ரூபாய்க்கு 12 வகை விதைகள் கொடுத்தீர்கள். நானும் வாங்கினேன், எங்கள் தெருவில் ஏழெட்டுப் பேருக்கும் வாங்கிக் கொடுத்தேன். விதையில் ஒரு குறையும் இல்லை. வெண்டையும் கொத்தவரையும் ஒரு வாரத்தில் முளைத்தன. அவற்றை விதைத்த மண்ணைப் பற்றி எங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். வீடு கட்டிக் குடிவந்த வருடமே ஒரு எலுமிச்சையும் ஒரு கறிவேப்பிலையும் வைத்தேன். முதல் வருடம் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. இரண்டாவது வருடம் எலுமிச்சையின் கொழுந்து இலைகள் வெளுக்க ஆரம்பித்தன. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள், வலைபின்னியது போல இருக்கும். கீழே இருக்கும் பழைய இலை பச்சையாகவே இருக்கும், புதிதாக வருவது மட்டும் வெளுத்து வரும். கறிவேப்பிலையும் அதே மாதிரி. அடுத்த இரண்டு வருடத்தில் கொழுந்து வெள்ளைக் காகிதம் மாதிரி வந்து, நுனி கருகி, உதிர்ந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. யூரியா வைத்தேன். சாணம் வைத்தேன். புளித்த மோர் ஊற்றினேன். எப்சம் உப்பு தெளித்தேன். வீடியோவில் ஒருவர் சொன்னார் என்று மூன்று மாதம் முட்டை ஓட்டைச் சேர்த்துப் பொடித்துப் போட்டேன். விறகு அடுப்புச் சாம்பல் நல்லது என்றார்கள், தெரிந்த வீட்டில் போய் ஒரு மூட்டை வாங்கி வந்து போட்டேன். ஒவ்வொன்றையும் நம்பித்தான் செய்தேன். எலுமிச்சை காய்ந்து போனது.

அதைத் தோண்டி எடுக்க ஒரு பெரியவரைக் கூப்பிட்டேன். எங்கள் மனைக்கு அந்தப் பக்கம் இன்னும் தோட்டம் வைத்திருப்பவர், எழுபது வயது தாண்டியவர். கடப்பாரையை இரண்டு முறை இறக்கியவர் நிறுத்திவிட்டு, "ஏங்கண்ணு, இது உங்க மண்ணே இல்லியே" என்றார். எனக்குப் புரியவில்லை. குழியின் ஒரு பக்கத்தைச் சுவர் மாதிரி செதுக்கிவிட்டு என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார்.

மேலே அரை அடிக்கு வெளிர் நிறத்தில், ஜல்லிச் சில்லும் சிமென்ட் கட்டியும் கலந்த மண். அதற்குக் கீழே கரும்பழுப்பாக, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்கிற மண், முக்கால் அடிக்கு. அதற்கும் கீழே வெள்ளை வெள்ளையாகக் கொட்டை கொட்டையாய்ச் சுக்கான் கல், போகப் போகக் கெட்டியாகிப் பாறை மாதிரி. "நடுவுல இருக்குது பாருங்க, அதுதான் காட்டு மண்ணு. அஸ்திவாரத்துக்கும் செப்டிக் டேங்குக்கும் தோண்டுனதை எல்லாம் அது மேல கொட்டி நெரவிப் போட்டுட்டாங்க. வேரு கீழ போனா சுக்கானு, மேல வந்தா சுண்ணாம்பு. மரம் எங்கீங்க போகும்?" என்றார். வீட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவரச் சொல்லி, ஒரு சுக்கான் துண்டின் மேல் நாலு சொட்டுப் பிழிந்தார். சின்னச் சின்னதாக நுரை பொங்கியது. மேல்மண்ணை எடுத்து அதிலும் பிழிந்தார். அதிலும் நுரைத்தது.

நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். அந்த நாலு சொட்டு, நான் நாலு வருடமாகத் தேடியதைச் சொல்லிவிட்டது. மண்ணில் இரும்புச்சத்து இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கார அமில நிலை (pH; 7 நடுநிலை, அதற்கு மேலே காரம், கீழே அமிலம்) 8ஐத் தாண்டிவிடலாம், அந்த நிலையில் இரும்பு கரையாமல் மண்ணிலேயே கட்டிக்கொள்ளும், வேரால் எடுக்க முடியாது. கொழுந்து வெளுப்பதற்கு அதுதான் காரணம். நிலக்கடலை போடும் விவசாயிகளுக்கு இந்த மஞ்சள் நன்றாகத் தெரியும். முட்டை ஓடு என்பது சுண்ணாம்பு. சாம்பல் என்பது காரம். ஏற்கெனவே சுண்ணாம்பு மிதமிஞ்சி இருந்த இடத்தில், மூன்று மாதம் பாடுபட்டு மேலும் சுண்ணாம்பு சேர்த்திருக்கிறேன்.

என் அம்மா கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் பிறந்தவர். மழை பெய்த மறுநாள் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு மாதிரி மண் ஒட்டுவதையும், கோடையில் கை நுழைகிற அளவுக்குத் தரை வெடிப்பதையும் பார்த்து வளர்ந்தவள் நான். அம்மா வீட்டுக் கொல்லையில் எதை எப்போது ஊன்ற வேண்டும், எப்போது மண்ணில் கால் வைக்கவே கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஊர் மாறி வந்தவர்களுக்கு அந்த அறிவு கூடவே வராது. கோவையைச் சுற்றி இன்று வீடு கட்டியிருப்பவர்களில் பலர் என்னைப் போல வேறெங்கிருந்தோ வந்தவர்கள். எங்களுக்குச் சொல்லித்தர அந்தப் பெரியவர் மாதிரி ஆள் எல்லாத் தெருவிலும் கிடைக்க மாட்டார்.

அதனால் வீடியோவைப் பார்க்கிறோம். அதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. கேரளத்தில் செடி வளர்ப்பவர்கள் குழி எடுத்தவுடன் முதலில் சுண்ணாம்பு போடச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரி. மழை கொட்டிக் கொட்டிச் சத்தெல்லாம் கரைந்துபோன அமில மண் அங்கே பெரும்பகுதியில் இருக்கிறது, சுண்ணாம்பு போட்டால்தான் மண் சீராகும். ஊட்டியில் உருளைக்கிழங்கு போடுகிறவர்களும் சுண்ணாம்பு போடுவார்கள், அதுவும் சரி. அதே யோசனையைச் சூலூரில் செய்தால் மரம் சாகும். அவ்வளவு தூரம் போவானேன், நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வால்பாறையில் தேயிலை விரும்புவது கார அமில நிலை 5ஐ ஒட்டிய அமில மண். மலையிறங்கிப் பல்லடம் சாலைக்கு வந்தால் 8, எட்டரை. இரண்டு இடத்துக்கும் நீங்கள் கொடுக்கும் விதைப் பை ஒன்றுதான், கையேடும் ஒன்றுதான். விதை ஒன்றாக இருக்கலாம். கையேடு எப்படி ஒன்றாக இருக்க முடியும்?

இந்த விவரமெல்லாம் யாரிடமும் இல்லை என்றால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். உங்களிடம் இருக்கிறது. எத்தனை காலமாக, எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தேடப் போய்த்தான் எனக்கு ஆற்றாமை அதிகமாயிற்று.

எங்கள் மனையின் பத்திரத்தோடு வைத்திருந்த அ-பதிவேட்டு (கிராமத்து நிலங்களின் வருவாய்க் கணக்கு) நகலை எடுத்துப் பார்த்தேன். சர்வே எண், பரப்பு, தீர்வை எல்லாவற்றோடும் ஒரு கட்டத்தில் 'மண் வயனமும் ரகமும்' என்று இருக்கிறது. பக்கத்திலேயே 'மண் தரம்' என்று இன்னொரு கட்டம். முதல் கட்டத்தில் 7-3, 8-4 என்கிற மாதிரி இரண்டு எண்கள். 19ஆம் நூற்றாண்டில் நிலவரி விதிப்பதற்காக வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு காட்டையும் பார்த்து, இது கரிசலா செம்மண்ணா, களியா மணலா என்று பிரித்து எழுதிய கணக்கின் தொடர்ச்சி அது. என் மண்ணின் பெயர் என் சொந்தப் பதிவேட்டிலேயே இருக்கிறது. படிக்கத் தெரியாமல் பத்து வருடம் பீரோவில் வைத்திருந்தேன். கிராம நிர்வாக அலுவலகத்தில் எத்தனையோ முறை அந்தத் தாளை வாங்கியிருக்கிறோம், அந்த இரண்டு எண்ணுக்கும் என்ன பொருள் என்று கேட்கத் தோன்றியதும் இல்லை, அந்தத் தாளில் விளக்கமும் இல்லை.

அப்புறம் கோவையிலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1909இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல் அங்கே உண்டு. ஒரே நிலத்தில் நூறு வருடத்துக்கும் மேலாக ஒரே மாதிரி எரு வைத்து, மண் என்ன ஆகிறது என்று பார்த்து வருகிறார்கள். தமிழ்நாட்டு மண் வகைகளைக் குழி வெட்டியபடியே, அடுக்கு கலையாமல் எடுத்துவந்து காட்சிக்கு வைத்த மண் அருங்காட்சியகமும் அங்கே இருக்கிறது. மண் விஞ்ஞானிகள் நம் மண் வகைகளுக்கு ஊர்ப் பெயரையே சூட்டியிருக்கிறார்கள் என்பதும் எனக்குச் சமீபத்தில்தான் தெரிந்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் 'இருகூர் மண்' என்று ஒரு செம்மண்ணுக்குப் பெயர். 'பெரியநாயக்கன்பாளையம் மண்' என்று சுண்ணாம்பு கலந்த ஒரு கரிசலுக்குப் பெயர். இருகூரில் எனக்குத் தெரிந்தவர்கள் பத்துக் குடும்பமாவது இருக்கும். தங்கள் ஊர்ப் பெயரில் ஒரு மண் இருக்கிறது என்று அதில் ஒருவருக்கும் தெரியாது.

உழவர்களுக்கென்று 'தமிழ் மண் வளம்' இணையதளமும் வைத்திருக்கிறீர்கள். மாவட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் அந்த நிலத்தின் மண்வளம் வரும். நல்ல வேலை. 2015 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமம் தொடங்கி இரும்பு, துத்தநாகம் வரை 12 விவரங்கள் பார்க்கிறார்கள். ஆனால் அதற்கு மண் எடுப்பது பாசன நிலத்தில் இரண்டரை எக்டருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் பத்து எக்டருக்கு ஒரு மாதிரி என்ற கணக்கில். இரண்டரை எக்டர் என்றால் ஆறு ஏக்கருக்கு மேல். என் மனை போல நூற்றிருபது மனை அதற்குள் அடங்கும். உழுது போட்ட காட்டுக்கு அது போதும். மனை பிரித்து, ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்திலிருந்து மண் கொட்டி மேடாக்கிய தெருவுக்கு அது போதாது.

சரி, என் மண்ணை நானே பரிசோதித்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். வி வடிவில் அரை அடி ஆழத்துக்கு வெட்டி, நாலைந்து இடத்தில் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாக்கி, நிழலில் காயவைத்து, துணிப்பையில் கட்டி எடுத்துப் போனேன். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை, அங்கே இருந்தவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. படிவத்தை நீட்டினார்கள். எத்தனை ஏக்கர்? ஒரு சென்ட். என்ன பயிர்? கத்தரி, வெண்டை, தக்காளி, கீரை, ஒரு கறிவேப்பிலை. முந்தைய பயிர்? அதேதான். எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, இது விவசாயத்துக்குங்க. வீட்டுச் செடிக்கெல்லாம் இங்க பாக்கறதில்லை" என்றார். நான் இரண்டாம் முறை வேறோர் இடத்துக்குப் போய்ப் பணம் கட்டிப் பார்த்துக்கொண்டேன். வசதியும் நேரமும் இருந்ததால் முடிந்தது.

முடிவு வந்தது. கார அமில நிலை 8.4. கரிமம் 0.3 சதவீதம், குறைவு. சாம்பல்சத்து அதிகம். வேர் எடுக்கக்கூடிய இரும்பு குறைவு. சுண்ணாம்பு 'மிகுதி'. எனக்குத் தேவையான எல்லாம் அந்த ஒரு தாளில் இருந்தது. கடைசியில் பரிந்துரை என்று ஏக்கருக்கு இத்தனை கிலோ இன்ன உரம் என்று எழுதியிருந்தது. ஏக்கருக்கு ஐம்பது கிலோ என்றால் சென்ட்டுக்கு அரைக் கிலோ என்று நான் நூறால் வகுத்துக்கொண்டேன். என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்படி ஒரு தாள் கிடைத்திருந்தால் மடித்து வைத்திருப்பார். ஒரு செடிக்கு எத்தனை ஸ்பூன், ஒரு பாத்திக்கு எத்தனை படி என்று எழுத என்ன செலவாகும்?

அதற்குப் பிறகு நான் செய்தது அதிகமில்லை. சுக்கானை உடைத்து மூன்றடிக் குழி எடுத்தேன். மேலே கொட்டியிருந்த கட்டட மண்ணை வழித்து ஒரு மூலையில் ஒதுக்கினேன். காட்டு மண்ணோடு மட்கிய எருவைப் பாதிக்குப் பாதி கலந்து குழியை நிரப்பி, எலுமிச்சைக்குப் பதிலாக மாதுளை வைத்தேன். சுண்ணாம்பை அது பொறுத்துக்கொள்ளும். முருங்கையும் சீத்தாவும் அப்படித்தான். கறிவேப்பிலைக்கு மட்டும் அன்னபேதி, கடையில் பெரஸ் சல்பேட் என்று கேட்டால் கொடுப்பார்கள், லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து அரை எலுமிச்சம்பழம் பிழிந்து சாயங்காலத்தில் இலைமேல் தெளித்தேன். மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதையும் பிடித்து வைத்துக்கொள்ளும், இலைவழி கொடுத்தால்தான் சேரும். இரண்டு வாரத்தில் பச்சை திரும்பியது. அந்தக் காலையை நான் மறக்க மாட்டேன். காலியாக இருந்த பாத்தியில் சணப்பை விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி மண்ணோடு சேர்த்தேன். அதற்கு அடுத்த பட்டத்தில் கத்தரி காய்த்த காய்ப்பைத் தெருவே பார்த்தது.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் எட்டு வீட்டு மண்ணையும் எடுத்துப் பார்த்தோம். ஆய்வகம் இல்லாமல், வீட்டில் இருப்பதை வைத்துத்தான். கண்ணாடிக் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்காரும், வண்டல் இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் படியும், களி தெளிய ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் ஆகும். குப்பி குப்பியாகத் திண்ணையில் வரிசையாக வைத்தோம். எங்கள் தெரு மொத்தமே நூற்றைம்பது மீட்டர் நீளம். கிழக்குக் கோடியில் இருக்கும் வீட்டுக் குப்பி மறுநாள் சாயங்காலம் வரை கலங்கியே இருந்தது, அத்தனை களி. மேற்கே நாலு வீடு தள்ளி இருந்த குப்பியில் முக்கால்வாசி மணலும் சரளையும். பிள்ளைகள் ஈரமண்ணை உருட்டிக் கயிறு திரித்துப் பார்த்தார்கள். கிழக்கு வீட்டு மண்ணில் வளையல் செய்ய முடிந்தது. மேற்கு வீட்டு மண் உருண்டைகூட நிற்கவில்லை.

கிழக்கு வீட்டம்மா மூன்று முறை மல்லிகை வைத்து மூன்று முறையும் அழுகிப் போனது. பக்கத்தில் ஓரடிக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பினோம். முதல் தண்ணீர் வடிய விட்டு, மறுபடி நிரப்பி, குச்சியில் அடையாளம் வைத்துப் பார்த்தோம். மணிக்கு ஒரு அங்குலமாவது இறங்க வேண்டும். அங்கே நாலு மணி நேரத்தில் ஒரு அங்குலம் இறங்கியது. மேற்கு வீட்டுக் குழி அரை மணியில் காலி. இந்த இரண்டு வீட்டிலும் 'தினம் காலையில் தண்ணீர் ஊற்றுங்கள்' என்கிற ஒரே யோசனையைப் பின்பற்றி வந்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் வேர் மூச்சுத் திணறிச் செத்தது, இன்னொரு வீட்டில் மத்தியானத்துக்குள் வாடியது. கிழக்கு வீட்டில் இப்போது மேட்டுப்பாத்தி போட்டு நாலு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர். மல்லிகை நிற்கிறது.

தண்ணீரையும் இதோடு சொல்ல வேண்டும். சிறுவாணியோ வேறு ஆற்றுத் தண்ணீரோ குடிக்க வருகிறது, செடிக்கு எல்லோரும் ஆயிரம் அடி போரைத்தான் நம்பியிருக்கிறோம். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிகிற அந்த உப்பு, ஊற்ற ஊற்ற மண்ணிலும் படிகிறது. மண்ணைப் பார்த்துவிட்டு நீரைப் பார்க்காமல் விட்டால் பாதி வேலைதான். உப்பு மிகுந்த உவர் மண்ணுக்கு வேண்டியது வடிகாலும் நல்ல தண்ணீரும். ஜிப்சம் உதவுவது சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு. இரண்டையும் ஒன்று என்று நினைத்து எதற்கெடுத்தாலும் ஜிப்சம் வாங்கிப் போடுகிறவர்கள் எங்கள் பகுதியில் நிறையப் பேர்.

இனி நான் கேட்பது. முதலாவதும் முக்கியமானதும் அந்த அ-பதிவேட்டு எண்கள். வருவாய்த் துறையோடு சேர்ந்து, அந்த எண்களுக்கு என்ன பொருள் என்று பாமரத் தமிழில் ஒரு பக்கத்தில் போடுங்கள். 'உங்கள் நிலம் சுண்ணாம்பு கலந்த செம்மண், எலுமிச்சையும் இட்லிப்பூவும் சிரமப்படும், முருங்கையும் மாதுளையும் வரும்' என்று வட்டாரத்துக்கு ஒரு தாள் அச்சடித்து விதைப் பைக்குள் வையுங்கள். விதை உறைகளோடு கூடுதலாக ஒரு தாள். சூலூருக்கு ஒன்று, வால்பாறைக்கு ஒன்று, தூத்துக்குடித் தேரிக்காட்டுக்கு ஒன்று, தஞ்சாவூர் வண்டலுக்கு ஒன்று. எழுதுவதற்கு ஆள் உங்களிடமே இருக்கிறார்கள்.

இரண்டாவது, மண் பரிசோதனைப் படிவத்தில் 'வீட்டுத் தோட்டம்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஒரு சென்ட்டாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆய்வகங்களுக்கு உழவர்கள் கொண்டுவரும் மாதிரிகளே மலைபோல் இருக்கும் என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்குத்தான் முன்னுரிமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நடமாடும் மண் பரிசோதனை வண்டியை மாதத்தில் ஒரு ஞாயிறு சிங்காநல்லூர் உழவர் சந்தையிலோ ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையிலோ நிறுத்தினால் போதும். 12 விவரமும் வேண்டாம். கார அமில நிலை, உப்பு, சுண்ணாம்பு, இந்த மூன்றும் தெரிந்தால் வீட்டில் செடி வளர்ப்பவருக்கு முக்கால்வாசித் தவறு குறையும். கீரையும் காயும் வாங்க வருகிற கூட்டம் அப்படியே மண்ணையும் தண்ணீரையும் கொடுத்துவிட்டுப் போகும்.

வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை போய்ச் சேர வேண்டும். அது உங்கள் துறைக்குள் வராது என்றால் உரியவர்களிடம் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். அஸ்திவாரம் தோண்டும் முன் முதல் ஒரு அடி மேல்மண்ணைத் தனியாக ஒரு மூலையில் குவித்து வைத்து, கட்டி முடித்ததும் திரும்பப் பரப்பினால் போதும். ஒரு நாள் கூலி. நாங்கள் அதைச் செய்யாததால் எத்தனையோ வருடத்து மண்ணைப் புதைத்துவிட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு லோடு லோடாகச் செம்மண் வாங்குகிறோம். அந்தச் செம்மண் எங்கிருந்து வருகிறது? தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காக மண் தோண்டித் தோண்டி, விவகாரம் நீதிமன்றம் வரை போனதைக் கோவைக்காரர்கள் எல்லோரும் பார்த்தோம். வீட்டுத் தோட்டத்துக்கென்று நாங்கள் வாங்கும் லோடும் ஏதோ ஒரு மலையடிவாரத்தைக் குழியாக்கித்தான் வருகிறது. வாங்கும் செம்மண்ணும் பல நேரம் சத்தில்லாத அடிமண். தன் மண்ணைச் சீராக்க வழி தெரிந்தால் அந்த லோடுக்குத் தேவையே இருக்காது. குளத்து வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கொடுக்கும் ஏற்பாட்டை அரசு செய்திருக்கிறது. அது உழவர்களுக்கே போகட்டும். நாலு மூட்டை வண்டல் வேண்டும் என்கிற தெருக்காரர்கள் சேர்ந்து கேட்டால் எப்படி வாங்குவது என்று அந்தத் தாளில் ஒரு வரி இருக்கட்டும்.

மாடித் தோட்டத்துக்குத் தென்னை நார்க்கட்டி கொடுக்கிறீர்கள். மண்தரையே இல்லாத அடுக்குமாடி வீடுகளுக்கு அது பெரிய உதவி, அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் கொல்லையில் மண் இருப்பவர்களும், கீழே எதுவும் வருவதில்லை என்று மாடிக்கு நார்க்கட்டி ஏற்றுகிறார்கள். எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடுகள். ஏன் வருவதில்லை என்று ஒருவர் வந்து ஒரு குழி வெட்டிக் காட்டியிருந்தால், அவர்கள் தரையிலேயே நின்றிருப்பார்கள்.

ஆடிப்பட்டத்துக்கு விதைப் பை கொடுக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அதற்குள் எல்லாம் ஆகிவிடும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு வட்டாரத்தில், சூலூரிலேயே கூடச் செய்து பாருங்கள். தாள் எழுத உதவி வேண்டுமென்றால் நானும் வருகிறேன், அந்தப் பெரியவரையும் கூட்டி வருகிறேன். எட்டு வீட்டு மண்ணையும் மறுபடி முறைப்படி எடுத்து, நிழலில் உலர்த்தி, வீட்டு எண்ணும் எடுத்த ஆழமும் எழுதித் தனித்தனித் துணிப்பையில் கட்டி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பையோடும் அந்த வீட்டுப் போர்த் தண்ணீர் ஒரு பாட்டில். எந்த நாளில், எங்கே கொண்டுவர வேண்டும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சென்ட் தோட்டக்காரி,
சூலூர் வட்டாரம், கோவை மாவட்டம்.